பஞ்சக் கூலியிலிருந்து வேலை உரிமைக்கு: மகாராஷ்டிர வேலை உறுதித் திட்டமும் கூலிச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

ஊரகத்தில் உடலுழைப்பு வேலை கேட்டு வரும் வயதுவந்தோர் அனைவருக்கும் வேலை தருவதைச் சட்டக் கடமையாக ஏற்ற முதல் இந்திய மாநிலம் மகாராஷ்டிரம். 1972இல் தொடங்கி 1979இல் சட்ட வடிவில் நடைமுறைக்கு வந்த அம்மாநிலத்தின் வேலை உறுதித் திட்டம், வறுமை ஒழிப்பு, ஊரக வளர்ச்சி ஆகிய நோக்குகளில் பலவாறு ஆராயப்பட்டுள்ளது. இக்கட்டுரை அத்திட்டத்தைக் காலனியக் காலப் பஞ்ச நிவாரணப் பணிகளின் தொடர்ச்சியில் வைத்து நோக்குகிறது. பஞ்சக் காலத்தில் ‘சோதனை’யாக இருந்த உடலுழைப்பு, சட்டத்தின் வழியே ‘உரிமை’யாக மாறியது. எனினும், அம்மாற்றம் கூலியிலும் நிதியிலும் ஒருங்கே உறுதிசெய்யப்படாதபோது பழைய சோதனை வேறு வடிவில் திரும்பியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வேலை உறுதித் திட்டம், பஞ்ச நிவாரணம், குறைந்தபட்சக் கூலி, மகாராஷ்டிரம், வேலை உரிமை.

முன்னுரை

அரசு பொதுப்பணிகளைத் தொடங்கி வேலையற்றோருக்கு வேலை தருவது, அதன்வழி வருவாயையும் உற்பத்தியையும் பெருக்குவது என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகின் பல நாடுகளில் ஏற்கப்பட்டது. 1930களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்கா மேற்கொண்ட பொதுப்பணித் திட்டங்கள் இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவன. இந்தியாவைப் பொறுத்தவரை இக்கொள்கைக்கு வேறொரு முன்வரலாறும் உண்டு. அது தொழில் மந்தத்தில் தோன்றியதன்று, பஞ்சத்தில் தோன்றியது. மண் வெட்டுதல், கல் உடைத்தல், ஏரி தூர்வாருதல், சாலை அமைத்தல் என இன்றைய ஊரக வேலைத் திட்டங்களில் காணப்பெறும் பணிகளில் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிவாரணப் பணித்தளங்களில் செய்யப்பட்டவையே.

இம்முன்வரலாற்றை மறந்து வேலை உறுதித் திட்டத்தை மதிப்பிட்டால் ஒரு முக்கியமான வினா விடுபட்டுப் போகும். பணித்தளத்திற்கு வரும் மனிதர் அரசின் இரக்கத்தைப் பெறுபவரா, அரசிடம் தம் உழைப்பை விற்பவரா? இவ்வினாவிற்கு ஒவ்வொரு காலத்து அரசும் தந்த விடை, அது நிர்ணயித்த கூலியில்தான் வெளிப்படுகிறது. ஆகவே கூலியைத் திறவுகோலாகக் கொண்டு இத்திட்டத்தின் வரலாற்றைப் படிப்பது பொருத்தமுடையது.

பஞ்சக் கூலி: சோதனையாக உழைப்பு

தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம் என நினைவுகூரப்படும் 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் சென்னை, பம்பாய் மாகாணங்களையும் மைசூர், ஐதராபாத் பகுதிகளையும் ஒருசேரத் தாக்கியது. பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, வைஸ்ராய் லிட்டன் பிரபு சர் ரிச்சர்டு டெம்பிளை 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்மாகாணங்களுக்கு அனுப்பினார். முன்னர் 1873–74இல் வங்க, பீகார்ப் பகுதிகளின் உணவுப் பற்றாக்குறையின்போது தாராளமாகச் செலவிட்டவர் எனக் கண்டிக்கப்பட்டவர் டெம்பிள். இம்முறை அவர் சிக்கனத்தின் பக்கம் நின்றார். பணித்தளங்களில் வேலை செய்யும் ஆணின் நாட்கூலி ஒரு பவுண்டு தானியத்தையும் அதற்கு மேல் ஒரு சிறு காசையும் அடிப்படையாகக் கொண்டு குறைக்கப்பட்டது. இதுவே வரலாற்று நூல்களில் ‘டெம்பிள் கூலி’ எனப் பெயர்பெற்றது.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த கார்னிஷ் இக்கூலியைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு வேண்டிய உணவின் அளவை மருத்துவ நோக்கில் எடுத்துக்காட்டி, அக்கூலியில் வேலை வாங்குவது தொழிலாளரை மெலியச் செய்து அழிக்கும் என்று வாதிட்டார். பம்பாய் மாகாணத்திலோ எதிர்ப்பு பணித்தளத்திலிருந்தே எழுந்தது. கூலிக் குறைப்பை ஏற்காத நிவாரணத் தொழிலாளர்கள் பெருந்திரளாக வேலையைப் புறக்கணித்தனர். பூனா சார்வஜனிக் சபை அவர்களுடைய குறைகளை அரசுக்கு எடுத்துரைத்தது. பட்டினி கிடக்கும் மக்கள், உணவு தரும் ஒரே வாயிலையும் கூலியின் பொருட்டு மறுத்தனர் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. அரசு அவர்களை இரவலராகக் கருதியபோதும் அவர்கள் தம்மைத் தொழிலாளராகவே கருதினர் என்பதற்கு இப்புறக்கணிப்பு சான்றாகிறது.

அக்கால நிருவாகம் உண்மையான வறியரை மற்றவரிடமிருந்து பிரித்தறியச் சில சோதனைகளைக் கைக்கொண்டது. வீட்டிலிருந்து தொலைவில் பணித்தளம் அமைப்பது தொலைவுச் சோதனை. பணித்தள முகாமிலேயே தங்கச் செய்வது தங்கல் சோதனை. குறித்த அளவு வேலையை முடித்தால்தான் முழுக்கூலி என்பது வேலைச் சோதனை. இவற்றுடன், வெளிச்சந்தையில் வேலை கிடைக்கும் எவரும் நாடி வராத அளவிற்குக் கூலியைத் தாழ்த்தி வைப்பதும் சேர்ந்தது. ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையத்தின் 1880ஆம் ஆண்டு அறிக்கையும், அதனையொட்டி 1883இல் உருவான பஞ்ச விதித்தொகுப்பும் நிவாரண முறையைப் பெரிதும் ஒழுங்குபடுத்தின. உடல் வலிமை உடையோர்க்கு வேலை, இயலாதோர்க்கு இலவச உதவி என்னும் பகுப்பு நிலைபெற்றது. உயிர்காப்பதில் அவ்விதிகளுக்கு உள்ள பங்கை மறுக்க இயலாது. எனினும் அவற்றின்படி வேலை பெறுவது உரிமை அன்று. பஞ்சம் என அரசு அறிவித்த பின்னரே திறக்கும் கதவு அது.

வறட்சியும் விசாப்பூர் முன்முயற்சியும்

விடுதலைக்குப் பின் பம்பாய் மாகாணத்தின் வறட்சிப் பகுதிகளில் பெரும்பகுதி, 1960இல் உருவான மகாராஷ்டிர மாநிலத்தின் எல்லைக்குள் அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் சோலாப்பூர், அகமத்நகர், சாங்லி மாவட்டப் பகுதிகளில் மழை பொய்ப்பது புதிய செய்தி அன்று. மாநிலச் சட்ட மேலவையின் தலைவராயிருந்த வி. ச. பாகே, சாங்லி மாவட்டம் தாஸ்காவ் வட்டத்தைச் சேர்ந்த விசாப்பூரில் 1965இல் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கக் காரணரானார். வேளாண் வளர்ச்சிக்கான பணிகளையும் நிலமற்றோர்க்கான வேலையையும் ஒரே திட்டத்தில் இணைப்பது அதன் உட்கருத்து. வேலை தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் அதனை உறுதிசெய்தல் இயலும் என்னும் நம்பிக்கையும் அதில் அடங்கியிருந்தது.

பூனாவின் கோகலே நிறுவன அறிஞர்களான வி. மா. தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971இல் வெளியிட்ட ‘இந்தியாவில் வறுமை’ என்னும் ஆய்வு, நிலப் பங்கீட்டால் மட்டும் ஊரக வறுமை தீராது, பெருமளவிலான பொதுப்பணிகள் தேவை என்னும் கருத்தை முன்வைத்தது. இவ்வாறு அரசியலிலும் அறிவுத்துறையிலும் களம் அமைந்திருந்த வேளையில், வசந்தராவ் நாயக் முதலமைச்சராயிருந்த 1972இல் வேலை உறுதித் திட்டம் அறிவிக்கப்பட்டது.

ஆனால் திட்டம் வேரூன்றும் முன்னரே மாநிலம் கடும் வறட்சிக்கு உள்ளானது. 1970 முதல் தொடர்ந்து மழை குறைந்து, 1972–73இல் நிலைமை உச்சத்தை எட்டியது. அரசு நிவாரணப் பணிகளைப் பேரளவில் விரித்தது. 1973 மே மாதத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் பணித்தளங்களில் இருந்தனர். 1971 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை ஏறத்தாழ 5 கோடி. அதாவது பத்தில் ஒருவர் நிவாரணப் பணியில் இருந்தார். உணவு உற்பத்தி பெரிதும் வீழ்ந்தும் அவ்வறட்சி பெரும்பஞ்சமாக மாறவில்லை. பணித்தளக் கூலி வாங்கும் திறனைக் காத்தமையே இதற்கு முதன்மைக் காரணம் என்று ழான் திரேஸ் தம் ஆய்வில் விளக்குகிறார்.

வறட்சி நீங்கிய பின் வேலை உறுதித் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. வறட்சிக் காலத்தின் பெரும்பணி அரசுக்கு நிருவாகத் திறனையும் நம்பிக்கையையும் தந்திருந்தது. வேலை கேட்டுத் திரளும் பழக்கத்தையும் அது மக்களிடையே வளர்த்திருந்தது. பின்னாளில் தூளே மாவட்டம் சகாதா பகுதியின் சிரமிக் சங்கடனா போன்ற அமைப்புகள் வேலை கேட்டும் கூலி கேட்டும் போராட இப்பட்டறிவு துணைநின்றது.

சட்டம், நிதி, பழைய கருவிகள்

1977ஆம் ஆண்டு மகாராஷ்டிர வேலை உறுதிச் சட்டம் 1979 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ‘கேட்பவருக்கு வேலை’ என்னும் பொருளுடைய மராத்தி முழக்கம் அதன் சாரம். ஊரகப் பகுதியில் திறன்சாரா உடலுழைப்பிற்கு முன்வரும் வயதுவந்தோர் எவரும் பெயரைப் பதிந்து வேலை கோரலாம். கோரிய 15 நாள்களுக்குள் வேலை தரப்படாவிடில் வேலையின்மைப் படி தரவேண்டும். அரசமைப்பின் 41ஆம் உறுப்பு, பொருளியல் ஆற்றலின் எல்லைக்குள் வேலை உரிமைக்கு வகைசெய்யுமாறு அரசுக்கு நெறிகாட்டுகிறது. ஆனால் அந்நெறியை நீதிமன்றத்தின் வழி நிலைநாட்ட இயலாது. நெறியாக மட்டும் இருந்ததை மகாராஷ்டிரம் சட்டக் கடமையாக்கியது.

இதற்கான நிதியமைப்பும் புதுமையானது. தொழில்வரி, மோட்டார் வாகனங்கள் மீதும் விற்பனை மீதும் கூடுதல் வரி, பாசன நிலங்கள் மீது சிறப்புத் தீர்வை முதலியவற்றால் திரளும் தொகை வேலை உறுதி நிதியில் சேர்க்கப்பட்டது. அதற்கு இணையான தொகையை மாநில அரசும் வழங்கவேண்டும். தொழில்வரியின் பெரும்பகுதி பம்பாய் நகரில் ஊதியம் பெறுவோரிடமிருந்து வந்தது. வறண்ட ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வருவோரின் பெருக்கத்தைக் குறைப்பது நகரத்தார்க்கும் விருப்பமானதே. எனவே நகரின் வரி ஊரின் கூலியாவதற்குப் பெரும் எதிர்ப்பு எழவில்லை.

இனி, திட்டத்தின் நடைமுறை விதிகளை நோக்குவோம். வேலை நேரக்கூலி முறையில் அன்றி அளவுக்கூலி முறையில் அமைந்தது. வெட்டிய மண்ணின் கன அளவும் உடைத்த கல்லின் அளவும் கணக்கிடப்பட்டுக் கூலி தரப்பட்டது. பணியின் வகையையும் இடத்தையும் தெரிவு செய்யும் உரிமை வேலை கேட்பவருக்கு இல்லை. பொதுவாகக் குறைந்தது 50 பேர் சேர்ந்தால்தான் புதிய பணி தொடங்கும். தொலைவு, வேலையளவு என்னும் பழைய சோதனைகளின் சாயல் இவ்விதிகளில் தெளிவாகத் தெரிகிறது. பொதுப்பணித் துறையின் அளவைப் புத்தகமும் வருகைப் பதிவேடும் பழைய நிருவாகத்தின் கொடையே.

எனினும் இரண்டும் ஒன்றெனக் கூறுவது பிழையாகும். பஞ்ச விதித்தொகுப்பில் வேலைக்கான தொடக்கம் அரசின் அறிவிப்பு. புதிய சட்டத்தில் தொடக்கம் குடிமகளின் விண்ணப்பம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுக்கூலி வீதம் வகுக்கப்பட்டது. பணித்தளத்தில் குடிநீர், முதலுதவி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகியன இடம்பெற்றன. பெண்கள் பெருந்திரளாக இத்திட்டத்தை நாடியதற்கு இவை காரணமாயின. கருவிகள் பழையவை, அவற்றை இயக்கும் கை மாறியது.

வளர்ச்சி யாருக்கு?

இத்திட்டம் கூலி வழங்குவதோடு ஊரக உற்பத்தியைப் பெருக்குவதையும் குறிக்கோளாகக் கொண்டது. கசிவுநீர்க் குட்டைகள், சம உயர வரப்புகள், சிறுபாசனப் பணிகள், காடு வளர்ப்பு, சாலைகள் முதலியன மேற்கொள்ளப்பட்டன. உழைத்தோரில் மிகப் பெரும்பாலோர் வறியரே என்பதை 1980இல் வெளிவந்த குமுதினி தாண்டேகர், மஞ்சு சாத்தே ஆகியோரின் கள ஆய்வு உறுதிசெய்தது.

ஆனால் உருவான சொத்தின் பயன் வேறு திசையில் சென்றது. குட்டையின் நீர் யாருடைய கிணற்றில் ஊறுகிறதோ அவருக்கே பயன்; வரப்பு யாருடைய நிலத்தில் எழுகிறதோ அவருக்கே மதிப்பு. நிலமுடையோர் செல்வாக்கு மிகுந்த சட்டமன்றம் இத்திட்டத்தை ஒருமனதாக ஏற்றதன் காரணத்தை ஹெரிங், எட்வர்ட்ஸ் ஆகியோர் 1983ஆம் ஆண்டு ஆய்வில் இந்நோக்கில் விளக்கினர். 1990 அளவில் தொடங்கிய பழத்தோட்டத் திட்டம் இப்போக்கை மேலும் வெளிப்படையாக்கியது. தனியார் நிலத்தில் மா, முந்திரி, மாதுளை முதலியன பயிரிட வேலை உறுதி நிதியிலிருந்து உதவி வழங்கப்பட்டது. தோட்டக்கலை வளர்ந்தது; உழைத்தவருக்கு எஞ்சியது கூலி மட்டுமே. ஆகவே நிலமற்றோரைப் பொறுத்தவரை வளர்ச்சியில் அவர்தம் பங்கு என்பது கூலியின் அளவே ஆகும்.

நீதிமன்றத்தில் நிவாரணக் கூலி

இந்நிலையில் நிவாரணப் பணியின் கூலி பற்றிய அடிப்படை வினா வேறொரு மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. இராசத்தானில் பஞ்ச நிவாரணப் பணியாளர்க்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா என 1964இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன் காப்பில், சாலைப் பணியில் ஈடுபட்ட தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியினும் குறைவாகவே கிடைத்தது. குழுவாகச் செய்த வேலையை அளந்து கூலியைப் பகிரும் முறையால் ஒவ்வொருவரின் பங்கும் சுருங்கியது. சஞ்சித் ராய் எதிர் இராசத்தான் மாநிலம் என்னும் வழக்கில் 1983இல் தீர்ப்பு வந்தது. நிவாரணப் பணியாயினும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பாகும் என்று நீதிபதி பகவதி முடிவு செய்தார். நீதிபதி பதக் சமத்துவ உரிமையின் அடிப்படையில் அதே முடிவிற்கு வந்தார்.

இத்தீர்ப்பின் வரலாற்றுப் பொருள் பெரிது. வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்த கூலிக்கு ‘விரும்பி’ வருவதை விருப்பம் எனக் கொள்ள முடியாது என்பது அதன் உட்பொருள். தாழ்ந்த கூலியையே சோதனையாக வைத்த 1877ஆம் ஆண்டுத் தருக்கத்தை நூறாண்டுக்குப் பின் அரசமைப்பின் மொழியில் மறுத்த தீர்ப்பாக இதனைக் கொள்ளலாம்.

1988: கூலி உயர்வும் வேலைச் சுருக்கமும்

மகாராஷ்டிரத்தில் வேலை உறுதித் திட்டத்தின் கூலி வேளாண் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியோடு இணைக்கப்பட்டிருந்தது. 1988 மே மாதத்தில் அக்குறைந்தபட்சக் கூலி ஏறத்தாழ இருமடங்காக்கப்பட்டபோது திட்டத்தின் கூலியும் உயர்ந்தது. கூலி உயர்ந்தால் வேலை கேட்போர் பெருகவேண்டும், வேலைநாள்களும் பெருகவேண்டும். நடந்ததோ இதற்கு மாறானது. திட்டத்தில் வழங்கப்பட்ட வேலை குறைந்தது. ரவாலியன், தத், சவுத்ரி ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, கூலி உயர்வுக்குப் பின் வேலை பங்கீட்டு முறையில் அளந்தே தரப்பட்டது, உறுதி என்பது நலிவுற்றது என்னும் முடிவிற்கு வந்தது.

இதனைக் கூலி உயர்வுக்கு எதிரான வாதமாகக் கொள்வோர் உளர். கூலி தாழ்ந்திருந்தால் மிக வறியோர் மட்டுமே வருவர், நிதியும் போதும் என்பது அவர்தம் நிலைப்பாடு. ஆனால் அது டெம்பிளின் தருக்கமே. வறியரைத் தெரிந்தெடுக்கும் பணியை மீண்டும் தாழ்ந்த கூலியிடம் ஒப்படைப்பதே அதன் விளைவு. 1988இன் பாடம் வேறு என்பது இக்கட்டுரையின் கருத்து. சட்டம் வேலையை உறுதிசெய்தது. தீர்ப்பும் விதியும் கூலியை உறுதிசெய்தன. இரண்டிற்கும் ஈடாக நிதி விரியவில்லை. விரியாதபோது, பணியைத் தொடங்காமல் தாழ்த்துவது, விண்ணப்பத்திற்கு ஒப்புகை தராதிருப்பது போன்ற அலுவலக வழிகளில் வேலை மறுக்கப்படும் நிலை உண்டாகும். எழுத்துவழி விண்ணப்பமும் ஒப்புகையும் இன்றி வேலையின்மைப் படியைக் கோர இயலாது. இவ்வாறு பழைய சோதனை கூலியிலிருந்து விலகி அலுவலக வாயிலில் வந்து நின்றது.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடர்ந்த சிக்கல்

மகாராஷ்டிரத்தின் பட்டறிவு 2005ஆம் ஆண்டுத் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்திற்கு முன்மாதிரியாயிற்று. 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரல் முதல் நாடெங்கும் ஊரகப் பகுதிகளுக்கு அது விரிந்தது. தமிழகத்தில் மக்கள் நாவில் ‘நூறு நாள் வேலை’ என வழங்கியது இதுவே. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 100 நாள் என்னும் வரம்பு, மகாராஷ்டிரச் சட்டத்தில் இல்லாத ஒன்று. ஒப்பந்ததாரர்க்கு இடமின்மை, சமூகத் தணிக்கை, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு ஆகியன முன்னைய குறைகளிலிருந்து கற்ற பாடங்கள்.

ஆயினும் கூலிச் சிக்கல் சட்டத்தின் உள்ளேயே இடம்பெற்றது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் எது கூறப்பட்டிருப்பினும் நடுவணரசு தனிக்கூலியை அறிவிக்கலாம் என 6(1) பிரிவு இடமளித்தது. 2009 சனவரி 1 முதல் இப்பிரிவின்கீழ்க் கூலி தனியே அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அக்கூலி வேளாண் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டுடன் இணைக்கப்பட்டபோதும், பல மாநிலங்களின் குறைந்தபட்சக் கூலிக்கும் அதற்கும் இடைவெளி நீடித்தது. குறைந்தபட்சக் கூலி தரப்படவேண்டும் எனக் கருநாடக உயர் நீதிமன்றம் 2011இல் கூறியது. அரசே வேலை தரும் இடத்தில் அரசின் சட்டமே வகுத்த குறைந்தபட்சக் கூலி பொருந்துமா என்னும் வினா, 1983இல் தீர்ந்தது போலத் தோன்றி மீண்டும் எழுந்தது.

முடிவுரை

• மகாராஷ்டிர வேலை உறுதித் திட்டம் வெற்றிடத்தில் தோன்றியதன்று. பணித்தளம், அளவுக்கூலி, திரள் உழைப்பு ஆகிய பஞ்ச நிவாரணக் கருவிகளை அது ஏற்றுக்கொண்டது. விண்ணப்பிப்பவரின் கோரிக்கையைத் தொடக்கமாக்கியதே அதன் அடிப்படைப் புதுமை.

• பொதுச் செலவால் உருவான சொத்துக்களின் பயன் நிலமுடையோரை மிகுதியாகச் சார்ந்தமையால், நிலமற்றோரின் வளர்ச்சிப் பங்கைக் கூலியே தீர்மானித்தது.

• வேலை, கூலி, நிதி ஆகிய மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் உறுதி தளரும். 1877இல் கூலியைத் தாழ்த்தியும், 1988க்குப் பின் வேலையைச் சுருக்கியும் அரசின் செலவு காக்கப்பட்டது. இரு வழியிலும் விலை கொடுத்தவர் பணித்தளத்திற்கு வந்தவரே.

பம்பாய் மாகாணத்தின் நிவாரணத் தொழிலாளர்கள் 1877இல் பட்டினியின் நடுவிலும் கூலிக் குறைப்பை ஏற்க மறுத்தனர். தங்களுக்குத் தரப்படுவது உதவி அன்று, உழைப்பின் விலை என்பதே அவர்கள் உணர்த்தியது. வேலைத் திட்டங்களை நாள்கணக்கிலும் செலவுக்கணக்கிலும் மட்டும் மதிப்பிடும் ஆய்வுகள் அம்மறுப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும். தமிழக ஊர்களின் ஏரிக்கரைகளில் இத்தகைய வேலைக்குச் சென்ற பெண்களின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுப்பது, இவ்வாய்வை அடுத்த கட்டத்திற்கு எடுத்துச்செல்லும்.